13 லிட்டர் எண்ணெய் போய்வரும் வழி

ஜெர்மனியில் ஸ்டுட்கார்ட்டிலிருந்து உல்ம் நகரை நோக்கிச் செல்லும் ஏ8 நெடுஞ்சாலை, மியூல்ஹவுசன் என்ற சிற்றூரைத் தாண்டியதும் ஷ்வேபிய ஆல்ப் மலைச்சரிவில் ஏறத் தொடங்குகிறது. ஒதுங்கி நிற்க ஓரத்தடம் இல்லாத, வளைந்து வளைந்து ஏறும் அந்தப் பழைய பாதை கோடை விடுமுறைக் காலத்து வெள்ளிக்கிழமைகளில் எளிதில் அடைத்துக்கொள்ளும். கடந்த ஆண்டு ஜூலையில் அப்படியொரு மாலையில், 32 டிகிரி வெயிலில், என்னுடைய 1982 ஆம் ஆண்டு போர்ஷே 911 எஸ்சி காரில் நான் அங்கே சிக்கிக்கொண்டேன். 40 நிமிடத்தில் இரண்டு கிலோமீட்டர்தான் நகர்ந்திருப்பேன். எண்ணெய் வெப்பமானியின் முள் மூன்றாவது வெண்கோட்டைத் தாண்டிச் சிவப்புப் பகுதியை நெருங்கியது. அதை அடுத்திருக்கும் அழுத்தமானியின் முள், வண்டி நிற்கும்போதெல்லாம் அடிமட்டத்தில் போய்ப் படுத்துக்கொண்டது.

தண்ணீரால் குளிரும் காராக இருந்தால், வெயிலைப் பொருட்படுத்தாமல் ஹீட்டரை முழுவதும் திறந்துவிட்டு எஞ்சினின் சூட்டில் கொஞ்சத்தை நம் மேல் வாங்கிக்கொள்ளலாம். இந்தக் காரில் அதற்கும் வழியில்லை. இதன் ஹீட்டருக்கு வரும் சூடு புகைபோக்கிக் குழாய்களைச் சுற்றியுள்ள உறைகளிலிருந்து வருவதால், ஹீட்டரைத் திறந்தாலும் மூடினாலும் எண்ணெய்க்குப் பயன் ஒன்றுமில்லை. வண்டி நின்ற இடங்களில் எஞ்சினை அணைத்தும், நகரும்போது மீண்டும் கிளப்பியும் ஒருவழியாக மேட்டைக் கடந்தேன். அன்றிரவே, எண்ணெயைக் குளிர்விக்கும் முன்பக்க ஆயில் கூலரை மாற்றுவது என்று முடிவெடுத்தேன். முடிவில் பிழையில்லை. அதற்கு நான் வைத்திருந்த காரணம்தான் பாதி சரி, பாதி தவறு என்பது ஏறக்குறைய ஓராண்டு கழித்து எண்களை அருகருகே எழுதிப் பார்த்தபோதுதான் விளங்கியது.

'காற்றால் குளிரும் எஞ்சின்' என்ற பெயர் இந்த வகை 911 கார்களைப் பற்றி முழு உண்மையைச் சொல்வதில்லை. மதுரையில் அப்பா வைத்திருந்த புல்லட்டைப் பார்த்து வளர்ந்தவனுக்கு, காற்றால் குளிர்வது என்றால் சிலிண்டரைச் சுற்றி அடுக்கடுக்காய் நிற்கும் தகடுகளும் அவற்றினூடே வீசும் எதிர்க்காற்றும் மட்டுமே. 911 எஞ்சினிலும் சிலிண்டர்களில் அத்தகைய தகடுகள் உண்டு. பின்புறம் பெல்ட்டால் சுழலும் பெரிய மின்விசிறி போன்ற ஒன்று அவற்றின் மேல் காற்றை அழுத்தித் தள்ளுகிறது. ஆனால் கிராங்க் பேரிங்குகள், கேம் ஷாஃப்டுகள், பிஸ்டன்களின் அடிப்புறம் ஆகியவற்றுக்குக் காற்று எட்டாது. அங்கெல்லாம் வெப்பத்தை எடுத்துவருவது எண்ணெய்தான். பிஸ்டன்களின் அடியில் எண்ணெயைப் பீய்ச்சுவதற்கென்றே எஞ்சின் உடலில் சிறு துளைக்குழாய்கள் இருக்கின்றன. சாதாரணக் காருக்கு நான்கைந்து லிட்டர் எண்ணெய் போதும் என்னும்போது இதற்கு ஏறக்குறைய 13 லிட்டர் வேண்டியிருப்பதன் காரணமும் இதுவே.

அந்த 13 லிட்டரும் எஞ்சினின் அடியில் தேங்கி நிற்பதில்லை. உராய்ந்து சூடேறி அடியில் வடியும் எண்ணெயை ஒரு பம்பு உடனுக்குடன் உறிஞ்சி வெளியே அனுப்புகிறது. வலது பின்சக்கரத்துக்கு அருகே உள்ள தெர்மோஸ்டாட்டை அது முதலில் அடைகிறது. எண்ணெய் குளிர்ந்திருந்தால் தெர்மோஸ்டாட் அதை நேரே எண்ணெய்த் தொட்டிக்குத் திருப்பிவிடும். சுமார் 85 டிகிரியைத் தாண்டினால் வழி திறந்து, வலதுபுற வாசல் பட்டைக்குக் கீழே காரின் நீளத்துக்கும் ஓடும் ஒரு குழாய் வழியாக முன் வலது மட்கார்டுக்குள் இருக்கும் கூலருக்கு அனுப்பும். குளிர்ந்தது இணைக்குழாய் வழியாகத் திரும்பி வந்து தொட்டியில் சேரும். தொட்டியிலிருந்து இன்னொரு பம்பு அதை எடுத்து, எஞ்சினோடு ஒட்டியிருக்கும் இரண்டாவது கூலரினூடே செலுத்திப் பேரிங்குகளுக்கு அழுத்தத்தோடு கொடுக்கிறது. ஆக, எஞ்சினோடு இருக்கும் கூலர் விசிறிக் காற்றை நம்பியிருக்கிறது. முன்பக்கக் கூலர் கார் ஓடும் வேகத்தை நம்பியிருக்கிறது. நெரிசலில் நிற்கும்போது எஞ்சினோடு இருக்கும் கூலருக்குக் காற்று குறைவு, முன்பக்கக் கூலருக்குக் காற்றே இல்லை.

முன்பக்கக் கூலர் என்பது இந்தக் காரின் பிறப்போடு வந்ததன்று. 1963 இல் ஃபிராங்ஃபர்ட் கண்காட்சியில் காட்டப்பட்ட முதல் காருக்கு எஞ்சினோடு இருந்த கூலரே போதுமானதாக இருந்தது. 1969 ஆம் ஆண்டு மாடலில், குதிரைத்திறன் 170 ஆக உயர்ந்த 911 எஸ் காருக்குத்தான் மட்கார்டுக்குள் கூடுதல் கூலர் வைத்தார்கள். அதன்பின் திறன் கூடக்கூட எண்ணெயைக் குளிர்விக்கும் ஏற்பாடும் வளர்ந்துகொண்டே போனது. 1970களின் நடுவில் வந்த 2.7 லிட்டர் எஞ்சினின் மெக்னீசிய உடல் வெப்பத்துக்கு ஈடுகொடுக்கத் திணறிய அனுபவத்துக்குப் பிறகு, எஸ்சியின் 3 லிட்டர் எஞ்சினை அலுமினியத்தில் வார்த்தார்கள். 1972 ஆம் ஆண்டு மாடலில் மட்டும் எண்ணெய்த் தொட்டியைப் பின்சக்கரத்துக்கு முன்னால் நகர்த்தி, அதற்கு வெளியிலிருந்து திறக்கும் மூடி ஒன்றையும் வலதுபுறத்தில் வைத்திருந்தார்கள். பெட்ரோல் பங்க் ஊழியர்கள் அதைப் பெட்ரோல் மூடி என்று நினைத்து எண்ணெய்த் தொட்டிக்குள் பெட்ரோலை ஊற்றிய கதைகள் இங்கே இன்றும் சொல்லப்படுகின்றன. மறு ஆண்டே தொட்டி பழைய இடத்துக்குத் திரும்பிவிட்டது.

நான் வாங்கியபோது என் காரின் மட்கார்டுக்குள் இருந்தது, தகடுகள் எதுவுமின்றி மடித்து வளைத்த வெறும் குழாய். இங்கே அதை டிராம்போன் என்ற ஊதுகருவியின் பெயராலேயே அழைக்கிறார்கள்; பார்த்தால் பொருத்தம் புரியும். எஸ்சிக்கு அடுத்து வந்த 3.2 கரேரா கார்களில் அந்த இடத்தில் ரேடியேட்டர் போன்ற நெருக்கமான தகடுகள் கொண்ட கூலரும், பிந்தைய ஆண்டுகளில் அதற்கென ஒரு மின்விசிறியும் வந்தன. அதைத்தான் பொருத்த நினைத்தேன்.

மாற்றுவதற்கு முன் வெப்பத்தைச் சரியாக அளக்க வேண்டியிருந்தது. என் காரின் வெப்பமானியில் எண்கள் கிடையாது. நான்கு வெண்கோடுகளும் ஒரு சிவப்புப் பட்டையும்தான். முள் 'கொஞ்சம் மேலே' நிற்கிறது என்று நண்பர்களிடம் புலம்பலாமே தவிர, அதை வைத்து எதையும் கணக்கிட முடியாது. எண்ணெய் மாற்றும் சமயத்தில் வெப்ப உணரியை எஞ்சினிலிருந்து கழற்றி, நீண்ட ஒயர் ஒன்றால் அதன் முனையையும், இன்னொரு ஒயரால் அதன் உடலைக் காரின் எர்த்துடனும் இணைத்து, ஒரு சட்டி எண்ணெயில் தொங்கவிட்டேன். கேரேஜில் மின் அடுப்பு, அதன்மேல் சட்டி, சட்டிக்குள் சமையல் வெப்பமானி. முள் ஒவ்வொரு கோட்டையும் தொட்டதும் மனைவி காருக்குள் அமர்ந்து கூவ, சட்டியின் வெப்பத்தை நான் குறித்துக்கொண்டேன். வடைச்சட்டியை இதற்கு எடுத்தது பற்றி வீட்டில் இன்னும் பேச்சு ஓய்ந்தபாடில்லை. இரண்டாவது கோடு 90 டிகிரி, மூன்றாவது 120 என்று தெரிந்தது. எனில் மலைமேட்டில் அன்று நான் பார்த்தது ஏறக்குறைய 128.

128 என்பது உடனே எஞ்சினைக் கொன்றுவிடும் அளவன்று. நான் ஊற்றும் 15டபிள்யூ-50 எண்ணெய் 100 டிகிரியில் கொண்டிருக்கும் பிசுபிசுப்பில் ஏறக்குறைய பாதியை 130ஐ நெருங்கும்போது இழந்துவிடுகிறது என்பதுதான் கவலை. பேரிங்குக்கும் தண்டுக்கும் நடுவே நிற்கும் எண்ணெய்ப் படலம் அதற்கேற்ப மெலிகிறது. ஐட்லிங்கில் அழுத்தமானி படுத்துக்கொண்டதன் பொருளும் அதுதான். அதற்காக எண்ணெய் எவ்வளவு குளிர்ந்தாலும் நல்லது என்றும் ஆகிவிடாது. எரிதலில் உண்டாகும் நீராவியும் எரியாத பெட்ரோலும் எண்ணெயில் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்துகொண்டே இருக்கின்றன. எண்ணெய் 90 டிகிரிக்கு மேல் சற்று நேரம் ஓடினால்தான் அவை ஆவியாகி வெளியேறும். தெர்மோஸ்டாட் இல்லாமல் பெரிய கூலரை மட்டும் மாட்டி, குளிர்நாட்டில் 65 டிகிரியிலேயே ஓட்டித் திரிகிற கார்களை நான் பார்த்திருக்கிறேன். அவற்றின் எண்ணெய் மூடியின் உட்புறத்தில் மோர் போல வெளுத்த பசை ஒட்டியிருக்கும். 90க்கும் 105க்கும் இடையில் நிற்பதே என் இலக்காக இருந்தது.

கூலருக்கு ஆர்டர் கொடுத்துவிட்டுக் காத்திருந்த நாட்களில், பக்கத்து ஊரில் ஓய்வுபெற்று வாழும் மெக்கானிக் ஒருவரிடம் இதைச் சொன்னேன். நாற்பது ஆண்டுகள் இந்தக் கார்களோடு புழங்கியவர். நான் அடுக்கிய விவரங்களையெல்லாம் கேட்டுவிட்டு, "முன்னால் எண்ணெய் போகிறதா என்று பார்த்தீர்களா?" என்று மட்டும் கேட்டார். பார்க்கவில்லை. எண்ணெய் போகிறது என்றே நான் எடுத்துக்கொண்டேன். அது போதுமான அளவு குளிரவில்லை என்றும் முடிவுகட்டிவிட்டேன்.

மறுநாள் 30 கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வந்து, முன் வலது சக்கரத்தைக் கழற்றி, கூலருக்குள் போகும் குழாயையும் திரும்பும் குழாயையும் அகச்சிவப்பு வெப்பமானியால் அளந்தேன். இதில் ஒரு நுணுக்கம் உண்டு: பளபளப்பான உலோகத்தின் மேல் அந்தக் கருவி பொய்தான் சொல்லும், ஆகவே அளக்கும் இடங்களில் கறுப்பு டேப்பைச் சுற்றிக்கொள்ள வேண்டும். எஞ்சினில் எண்ணெய் 104 டிகிரி. கூலருக்குள் நுழையுமிடத்தில் 71. திரும்புமிடத்தில் 49. முதல் பார்வையில் மகிழ்ச்சி தரும் எண்கள் இவை. வெறும் வளைந்த குழாயே 22 டிகிரியைக் குறைக்கிறதே, இதற்கு மேல் என்ன வேண்டும் என்று தோன்றும். கொஞ்சம் யோசித்தால்தான் விபரீதம் புரிகிறது. கூலர் வெளியேற்றும் வெப்பத்தின் அளவு, எத்தனை டிகிரி குறைந்தது என்பதை மட்டும் பொறுத்ததன்று. ஒரு நிமிடத்தில் எத்தனை லிட்டர் எண்ணெய் அதனூடே சென்றது என்பதையும் பொறுத்தது. நிமிடத்துக்கு 30 லிட்டர் சென்று 15 டிகிரி குறைந்து திரும்பினால் வெளியேறும் வெப்பம் சுமார் 13 கிலோவாட், அதாவது குளியலறைக் கீசர்கள் ஆறு ஏழு சேர்ந்து எரிக்கும் அளவு. அதே குழாயில் நிமிடத்துக்கு இரண்டு லிட்டர் மட்டும் ஊர்ந்து சென்றால், 22 டிகிரி குறைந்தாலும் ஒன்றரைக் கிலோவாட்டைத் தாண்டாது. ஊர்ந்து செல்கிற எண்ணெய் வழியிலேயே ஆறிவிடுகிறது. 104 டிகிரியில் புறப்பட்டது கூலரின் வாசலை 71 டிகிரியில் அடைந்ததற்கு அதுதான் விளக்கம்.

தெர்மோஸ்டாட் திறக்கவில்லையோ என்று முதலில் ஐயப்பட்டேன். அதற்கு அடுத்த குழாய்த் துண்டு நன்றாகவே சுட்டது. பிறகு வாசல் பட்டையின் அலங்காரத் தகட்டைக் கழற்றிக் குழாய்களின் மேல் விரலை ஓட்டிக்கொண்டே வந்தபோது, ஜாக்கி வைக்கும் இடத்துக்குச் சற்றுப் பின்னால் காரணம் கையில் தட்டுப்பட்டது. லிஃப்டின் தாங்குபட்டையைச் சரியான இடத்தில் வைக்காமல், குழாயின் மேலேயே வைத்துக் காரை யாரோ தூக்கியிருக்கிறார்கள். போகும் குழாய் நான்கு விரல் நீளத்துக்குப் பப்படம்போல் நசுங்கியிருந்தது. எந்தப் பட்டறை, எந்த ஆண்டு என்று தெரிந்துகொள்ள வழியில்லை. நசுங்கிய இடத்தின் மேல் படிந்திருந்த துருவையும் பழைய அடிப்பூச்சையும் பார்த்தால் எனக்கு முன் வைத்திருந்தவர் காலத்தது என்று தோன்றியது. எஞ்சினுக்கு இது உடனடி ஆபத்தை உண்டாக்காமல் காத்தது தெர்மோஸ்டாட்டுக்குள் இருக்கும் ஓர் அழுத்த வால்வு. முன்பக்க வழியில் தடை மிகுந்தால் அது திறந்து எண்ணெயை நேரே தொட்டிக்கு அனுப்பிவிடும். குளிர்காலத்துக் கெட்டி எண்ணெய் கூலரை வெடிக்கவைக்காமல் இருப்பதற்காக வைத்த அந்த வால்வு, இத்தனை ஆண்டுகளாக இந்தக் குறையை மறைத்துக்கொண்டும் இருந்திருக்கிறது.

இந்த இடத்தில் புதிய குழாய்களையும் புதிய கூலரையும் ஒரே நாளில் மாட்டிவிடவே கை துறுதுறுத்தது. அப்படிச் செய்திருந்தால் வெப்பம் குறைந்ததற்கு எது காரணம் என்று கடைசிவரை தெரிந்திருக்காது. ஆகவே ஆகஸ்டில் குழாய்களை மட்டும் மாற்றுவது, பழைய டிராம்போனுடனே சில வாரம் ஓட்டுவது, பிறகு கூலர் என்று பிரித்துக்கொண்டேன்.

குழாய்களை மாற்றுவது என்று ஒரு வரியில் எழுதிவிடலாம். இந்தக் காரை வைத்திருப்பவர்கள் அந்த வரியைப் படித்துச் சிரிப்பார்கள். தெர்மோஸ்டாட்டின் உடல் அலுமினியம். அதில் திருகப்பட்டிருக்கும் பெரிய நட்டுகள் இரும்பு. நாற்பது ஆண்டு மழையும் சாலை உப்பும் சேர்ந்து இரண்டையும் ஒன்றாகவே ஆக்கிவிட்டிருந்தன. 36 மில்லிமீட்டர் ஸ்பானரில் ஒரு மீட்டர் குழாயைச் செருகி இழுத்தால் நட்டு அசையாது. தெர்மோஸ்டாட்டின் மரைதான் பிய்ந்துகொண்டு வரும். தெர்மோஸ்டாட்டின் விலையை நினைத்தால் அந்தத் துணிச்சல் வராது. ஊடுருவும் எண்ணெயை மூன்று நாள் காலையும் மாலையும் தெளித்து ஊறவைத்தேன். வெப்பக் காற்றுத் துப்பாக்கியால் அலுமினியத்தைச் சூடாக்கினேன். நான்கில் இரண்டு நட்டுகள் ஒத்துழைத்தன. மற்ற இரண்டையும் சிறு வெட்டுச் சக்கரத்தால் மரைக்கு ஒரு மயிரிழை மேலே நிற்கும்வரை நெடுக அறுத்து, உளியை வைத்துத் தட்டிப் பிளந்தே எடுக்க முடிந்தது. அதில் ஒன்றில் சக்கரம் அந்த மயிரிழையையும் தாண்டி மரையைத் தொட்டுவிட்டது. இரண்டு வாரஇறுதிகள் இதற்கே போயின. குழாய்களுக்குக் கொடுத்த பணம் கூலருக்குக் கொடுத்ததைவிட அதிகம் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

ஆகஸ்ட் கடைசியில் சோதனைக்கு வேறொரு சிக்கல். நின்ற இடத்தில் தேவையின்றி எஞ்சினை ஓடவிடுவது ஜெர்மனியில் விதிமீறல். வெப்பத்தை அளக்கிறேன் என்று காவலரிடம் விளக்கிக்கொண்டிருக்க முடியாது. உண்மையான நெரிசலுக்காகக் காத்திருந்தேன். ஏ8 அதிக நாள் காக்கவைக்கவில்லை. அதே மேடு, ஏறக்குறைய அதே அளவு நேரம், வெளியே 29 டிகிரி. எண்ணெய் 114இல் நின்றது.

கூலரை எங்கே பொருத்துவது என்பதிலும் ஒரு தேர்வு இருந்தது. பந்தயத்துக்கு ஓட்டுபவர்கள் மட்கார்டை விட்டுவிட்டு, 1973 ஆம் ஆண்டின் ஆர்எஸ்ஆர் பந்தயக் கார்களைப் போல முன்பம்பரின் நடுவே வாயைத் திறந்து பெரிய கூலரை வைப்பார்கள். காற்று நேரே வந்து மோதும் இடம் அது. குளிர்ச்சியில் அதை வெல்ல முடியாது. ஆனால் பம்பரை வெட்ட வேண்டும், குழாய்களை இன்னும் நீட்ட வேண்டும், அவ்வளவையும் மாதத்துக்கு ஓரிரு முறை பந்தயத் தடத்தில் ஓட்டாத ஒருவன் செய்வது வீண். இன்னொன்றும் இருக்கிறது. 30 ஆண்டு கடந்த கார்களுக்கு இங்கே தரப்படும் எச் எழுத்துக் கொண்ட எண்பலகை, வண்டி அதன் காலத்துத் தோற்றத்திலும் அமைப்பிலும் இருந்தால்தான் கிடைக்கும். 3.2 கரேராவின் கூலர் அடுத்த மாடலிலேயே தொழிற்சாலையில் பொருத்தப்பட்டது என்பதால் அதில் எந்தக் கேள்வியும் எழவில்லை. பம்பரை வெட்டியிருந்தால் ஆய்வாளரோடு நெடுநேரம் பேச வேண்டியிருந்திருக்கும்.

கூலரைப் பொருத்தும் வேலை குழாய் வேலையோடு ஒப்பிட்டால் எளிது. இணைப்பு நட்டை முறுக்கும்போது கூலரின் பக்கத்தையும் இன்னொரு ஸ்பானரால் பிடித்துக்கொள்ள வேண்டும், இல்லையேல் மென்மையான அலுமினிய வாய் முறுக்கிக்கொண்டு கிழிந்துவிடும் என்ற ஒன்றைத்தான் நினைவில் வைக்க வேண்டும். பழைய கூலரை வாங்கிப் பொருத்துபவர்கள் அது எந்த எஞ்சினிலிருந்து வந்தது என்று கேட்டுக்கொள்வது நல்லது. பேரிங் சிதைந்த எஞ்சினின் உலோகத் துகள்கள் அந்தத் தகடுகளுக்குள் ஒளிந்திருக்கும். என்ன கழுவினாலும் முழுவதும் வராது.

அதிக நேரம் எடுத்தது காற்றின் வழிதான். மட்கார்டுக்குள், ஹெட்லைட்டின் பின்னால் இருக்கும் அந்த மூலைக்குக் காற்று தானாக வந்துவிடாது. பம்பருக்கு அடியிலுள்ள திறப்பின் வழியே நுழைவதும், கூலரின் தகடுகளைச் சுற்றி இருக்கும் இடைவெளி வழியே போய்விடுகிறது. மெல்லிய அலுமினியத் தகட்டை வெட்டி, கூலரின் நான்கு பக்கமும் ஓரங்களை அடைத்து, ரப்பர் பட்டை ஒட்டி, நுழையும் காற்று தகடுகளினூடே மட்டும் செல்லும்படி ஒரு கூடு செய்தேன். பின்னால் எஞ்சின் அறையிலும் இதே தத்துவம்தான். எஞ்சினைச் சுற்றியுள்ள ரப்பர் பட்டைகள் கிழிந்திருந்தால், கீழே வெளியேறும் சுடுகாற்றை விசிறி மறுபடியும் மேலே உறிஞ்சிக்கொள்ளும். என் காரில் இடதுபுறப் பட்டை ஒரு சாண் நீளத்துக்குக் கிழிந்திருந்தது. சில யூரோ செலவில் முடிந்த வேலை.

மின்விசிறிக்குத் தனி ஃப்யூஸ், ரிலே, வெப்ப ஸ்விட்ச். தொழிற்சாலை அமைப்பில் 118 டிகிரியளவில்தான் விசிறி சுழலத் தொடங்கும்; என் இலக்குக்கு அது மிகவும் தாமதம் என்பதால் 98இல் இயங்கும் ஸ்விட்சைப் போட்டேன்.

எண்ணெய் நிரப்பும்போது நான் ஒரு தவறு செய்தேன். இந்தக் காரில் எண்ணெய் மட்டத்தை, எஞ்சின் நன்கு சூடாகி, சமதளத்தில் நின்று, ஐட்லிங்கில் ஓடிக்கொண்டிருக்கும்போதுதான் பார்க்க வேண்டும். குளிர்ந்த நிலையில் அளவுக்கோல் காட்டுவதற்குப் பொருளே இல்லை. இது எனக்குத் தெரியும். தெரிந்திருந்தும், புதிய கூலரும் குழாய்களும் எவ்வளவு கொள்ளும் என்று மனக்கணக்குப் போட்டு ஒன்றரை லிட்டரைக் கூடுதலாக முன்கூட்டியே ஊற்றிவிட்டேன். இக்னிஷன் பெட்டியின் இணைப்பைக் கழற்றிவிட்டு, அழுத்தமானி அசையும்வரை ஸ்டார்ட்டரால் மட்டும் எஞ்சினைச் சுழற்றி, பிறகு கிளப்பினேன். அதுவரை எல்லாம் ஒழுங்கு. கார் சூடேறி எண்ணெய் விரிந்ததும், தொட்டியில் இடமில்லாமல் மூச்சுக்குழாய் வழியே காற்று வடிகட்டிப் பெட்டிக்குள் போய், அங்கிருந்து எஞ்சினுக்குள் உறிஞ்சப்பட்டது. தெருவே வெள்ளைப் புகையில் மறைந்தது. எதிர்வீட்டு அம்மையார் பால்கனியில் காயவைத்திருந்த துணிகளை அவசரமாக எடுத்துக்கொண்டு உள்ளே போனதைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. ஒன்றரை லிட்டரையும் வடித்தெடுத்தபின் புகை நின்றது.

நவம்பரிலிருந்து மார்ச் வரை சாலை உப்புக்கு அஞ்சிக் காரை வெளியே எடுப்பதில்லை. ஏப்ரலில் குளிர்ந்த காலைகளில் ஓட்டியபோது எண்ணெய் சூடேற எடுத்துக்கொண்ட நேரம் முன்பு போலவே இருந்தது. தெர்மோஸ்டாட் தன் வேலையைச் செய்கிறது, பெரிய கூலரால் குளிர்காலத்துக்குக் கேடில்லை. நெடுஞ்சாலையில் 150 கிலோமீட்டர் வேகத்தில் சீராக ஓடும்போது முள் இரண்டாவது கோட்டை ஒட்டியே நிற்கிறது. எனக்கு வேண்டியிருந்த பதில் இந்த ஜூன் மாதம் அதே மலைமேட்டில் கிடைத்தது: வெளியே 31 டிகிரி, அரை மணி நேரத்துக்கு மேல் நெரிசல், விசிறி விட்டுவிட்டுச் சுழன்றுகொண்டிருக்க, எண்ணெய் 103.

வெளி வெப்பம் ஒவ்வொரு முறையும் வேறாக இருந்ததால், எண்ணெய் அதைவிட எத்தனை டிகிரி கூடுதலாக நின்றது என்று பார்ப்பதே நியாயம். முதல் ஜூலையில் 96. குழாயை மட்டும் மாற்றியபின் 85. கூலர், விசிறி, காற்றுக்கூடு, ரப்பர் பட்டை எல்லாம் சேர்ந்தபின் 72. மொத்தம் குறைந்த 24 டிகிரியில் 11 டிகிரி, யாரோ நசுக்கிவிட்டுப் போன ஒரு குழாயைச் சரிசெய்ததில் வந்தது. புதிய கூலரையும் விசிறியையும் அந்த நசுங்கிய குழாயின் முனையில் நான் பொருத்தியிருந்தால், ஊர்ந்து வரும் இரண்டு லிட்டரை மேலும் பத்து டிகிரி குளிர்வித்து அனுப்பியிருக்கும்; முள் பெரிதாக நகர்ந்திருக்காது; நானும் இன்னும் பெரிய கூலரைத் தேடிப் பம்பரை வெட்டியிருப்பேன்.

இப்போது மிச்சமிருப்பது ஒரு சொட்டு. வெட்டுச் சக்கரம் தொட்ட அந்த மரையில் புதிய நட்டு முழுவதுமாக உட்காரவில்லை போலும். கேரேஜ் தரையில், வலது பின்சக்கரத்துக்கு உட்புறம், வாரத்துக்கு ஒரு சொட்டு எண்ணெய் விழுகிறது. ஓய்வுபெற்ற மெக்கானிக் வந்து பார்த்துவிட்டு, சொட்டு விழுந்தால் உள்ளே எண்ணெய் இருக்கிறதென்று பொருள் என்று இந்தக் கார்க்காரர்களின் பழைய நகைச்சுவையைச் சொல்லிப் போனார். எனக்கு அவ்வளவு பெருந்தன்மை இல்லை. இலையுதிர்காலத்தில் அதை மறுபடி திறப்பதாக இருக்கிறேன். 36 ஸ்பானரை இன்னும் சுவரில் மாட்டாமல் தரையிலேயே வைத்திருக்கிறேன்.